பன்னிரண்டாவது பெயர்

தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் வரிசைக்கு நின்றவர்கள்: ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டி, மயிலம்மாள், ரதி, விமலா, வங்காளதேசத்து ஆட்கள் ஏழு பேர். மொத்தம் பதினொன்று.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி புனிதன் அதில் சேர்த்தியில்லை. செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கியே அப்பனின் முதுகு ஒடிந்ததைப் பார்த்தவன். காட்டில் கால் வைப்பதில்லை என்றே ஆபீஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டவன். தினமும் வருகைப் பட்டியலைத் தட்டிச் சலித்துப்போய் லினக்ஸில் ஒரு நிரல் எழுதியிருந்தான். விரல் படாமலே விசைகள் அழுத்தப்பட்டதாக அது கணினியை நம்பவைக்கும்.

இன்று அது பன்னிரண்டாவதாக ஒரு பெயரை அடித்தது: புனிதன், பழம் பொறுக்க.

நிரல் படிக்கும் கோப்பில் பதினொரு பெயர்தான் இருந்தது. நிரலை நிறுத்திவிட்டுப் பெயரை அழித்தான். மறுபடி அடித்தது. விசைப்பலகையின் வயரைப் பிடுங்கினான். கையிலிருந்த பலகையில் விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கின.

மாயாண்டி வாசலில் நின்று, பட்டியல் வந்திருந்த கைப்பேசியைக் காட்டினார்.

"பேரு விழுந்திருச்சு கிராணியாரே. விழுந்தா காட்டுல எறங்கணும்."

"மெஷின் தப்பு பண்ணிருச்சு மண்டோரே."

"போன வாரம் விமலா பேரு விடுபட்டப்ப, மெஷின் தப்பே பண்ணாதுன்னு சொன்னது யாருலா? சாக்க எடுங்க."

புனிதன் சாக்கோடு வெளியே வந்தான். ஆபீசில் வேறு யாரும் இல்லை. அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.