மச்சம் தொடாத வீடு

குடல் புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்காக டொக்டர் பத்மநாதன், நமுனுகுல தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தர் குடும்பங்களிடம் சின்னப் பேணிகளில் மலம் வாங்கிச் சோதித்தார். பெரிய கிளாக்கர் இளையதம்பியும் மனைவி சத்தியபாமாவும் முடிவு கேட்க வந்திருந்தார்கள்.

“ஐயா, உங்கட பேணி மருந்து விட்டதும் நீலமாப் போச்சு. இரத்தம் இருக்கு. மூண்டு நாளுக்குள்ள இறைச்சி சாப்பிட்டிருந்தாலும் இப்பிடிக் காட்டும். இல்லையெண்டால் கொழும்பில வயித்தை வெட்டித்தான் பாக்கவேணும்.”

“இறைச்சியோ? நாங்கள் மச்சம் மாமிசம் தொடாத பரம்பரைச் சைவம்!” என்று சீறினாள் சத்தியபாமா.

கத்தியா, மனைவியா? கத்தியே பரவாயில்லை என்றுதான் இளையதம்பிக்கு முதலில் தோன்றியது. கடைசியில் உயிராசை வென்றது.

“பேணி தாறதுக்கு முதல் நாள் டீமேக்கர் காட்டுப்பண்டி வறுவல் தந்தவர், டொக்டர். பாதியைத் திண்டுபோட்டு மிச்சத்தை விறகுக்கொட்டிலில ஒளிச்சு வச்சனான். அதைப் பூனை கொண்டு போயிட்டுது.”

இடி விழப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை.

“அப்ப உங்களுக்குப் பயமில்லை,” என்று சிரித்த டொக்டர், அடுத்த பேணியை எடுத்தார். “ஆனால் அம்மாவின்ர பேணியும் நீலம். அவவைத்தான் கொழும்புக்கு அனுப்பவேணும்.”

சத்தியபாமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வேண்டாம் டொக்டர். அது பூனையில்லை.”