முதல் பந்தி

மைக் அவள் உயரத்துக்கு இல்லை. இறக்கிக்கொண்டாள்.

கையில் நான்கு பக்கங்கள். மெதடிஸ்ட் ஆலயத்தின் நூறு வருட வரலாறு. மூன்று மாதம் சபைக் கூட்டங்களின் பழைய மினிட் புத்தகங்களைப் புரட்டி அவளே எழுதியது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியை அப்பா சிவப்பு மையால் அடித்திருந்தார். அவர்தான் சபைச் செயலாளர்.

"நீ மைக்ல பேசுறதே அதிசயம். அது மட்டும் வேணாம்மா. கேக் வெட்டுற நாளு." காலையில் சொன்னார். கோபமாகக்கூட இல்லை.

அடிக்கல் வைத்தது. மணி கப்பலில் வந்தது. புயலில் கோபுரம் சாய்ந்தது. வாசித்தாள். சபை தலையாட்டியது.

மூன்றாம் பக்கம்.

அவள் படிக்கும் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு விதி. குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போதும். அடியில் இருப்பது வாசிக்கத் தெரிய வேண்டும்.

அப்பாவும் மெல்லிய கோடுதான் போட்டிருந்தார்.

"1931, கமிட்டித் தீர்மானம். தெற்குத் தெருவார் கடைசிப் பந்தியில், மற்றவர்கள் குடித்த பிறகே, திருவிருந்துப் பாத்திரத்தைத் தொடலாம். கையெழுத்து, மாசிலாமணி."

நிறுத்தினாள்.

"என் கொள்ளுத்தாத்தா."

குரல் நடுங்கவில்லை. அவளுக்கே ஆச்சரியம்.

நான்காம் பக்கத்தையும் முடித்துவிட்டு, முதல் பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும்.

மேசைக்கு முன்னால் மரத்தடுப்பு. பன்னிரண்டு பேர் முழங்காலிடலாம். அது ஒரு பந்தி. முதல் பந்திக்கு முதல் பெஞ்சு போகும். கடைசிப் பந்திக்குக் கடைசிப் பெஞ்சு, தெற்குத் தெருக் குடும்பங்கள்.

யாரும் இப்போது அதை விதியென்று சொல்வதில்லை. பழக்கம்.

அப்பா எழுந்தார். முதல் பெஞ்சே எழுந்தது.

அவள் எழவில்லை.

"கால் மரத்துப்போச்சாடி?" அத்தை குனிந்து கேட்டாள்.

இல்லையென்று தலையசைத்தாள்.

பதினொரு பேர் முழங்காலிட்டார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி.

போதகர் அப்பத் தட்டோடு காத்திருந்தார்.

பின்னால் கடைசிப் பெஞ்சு கிறீச்சிட்டது. வெறுங்கால் நடை, நடுவழியாக, அவசரமில்லாமல் வந்தது. அவளருகில் நின்றது.

தெற்குத் தெரு பாக்கியவதி அக்கா.

"வாசிச்சிட்டு உக்காந்துக்கிட்டா எப்படி, பாப்பா? எந்திரி."

எழுந்தாள்.

இருவரும் போனார்கள். இருந்தது ஒருவருக்கான இடம்.

அப்பா, திரும்பிப் பார்க்காமல், கொஞ்சம் நகர்ந்தார்.