பெட்டிக்குள் இருந்த சிரிப்பு

ஒரு பழைய டிவி நகைச்சுவைத் தொடருக்குள் ஒரு சிரிப்பு குடியிருந்தது. யார் ஜோக் சொன்னாலும் உடனே ஒரு கூட்டமே சிரிப்பதுபோல் "ஹஹ்ஹா!" என்பதுதான் அதன் வேலை. முப்பது வருஷம் கழித்து அந்தத் தொடரை மறுபடி போட்டார்கள்.

"அண்ணே, உஷாரு," என்றது சோபாவில் கிடந்த ரிமோட். "இந்த வீட்டுப் பொண்ணு இலக்கியாவுக்குச் சிரிப்பு வரலேன்னா சேனலை மாத்திடுவா. அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டா."

"என் காலத்து ஜோக்குடா! பாரு வேடிக்கைய!"

திரையில் ஒரு கணவன், தன் மனைவி வைத்த சாம்பாரைக் கிண்டலடித்தான். சிரிப்பு வயிறு குலுங்கச் சிரித்தது.

"அப்போ இவரே சமைக்க வேண்டியதுதானே?" என்று இலக்கியா ரிமோட்டை எடுத்தாள். சிரிப்புக்கு முகம் சுண்டிப்போனது.

அதற்குள், ஆபீசுக்கு மட்டம் போட்ட அந்தக் கணவன், தேடி வந்த மேனேஜருக்குப் பயந்து பீரோவுக்குள் புகுந்தான். அங்கே, கூடத்தில் ஓடிய கரப்பானுக்குப் பயந்து மேனேஜரே ஏற்கெனவே ஒளிந்து நின்றுகொண்டிருந்தார். "தள்ளி நில்லுய்யா!" என்றார்.

இலக்கியா ரிமோட்டைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே, சிரிங்க! உங்க இடம் வந்தாச்சு!" என்று ரிமோட் கத்தியது.

"சும்மா இருடா," என்றது சிரிப்பு. "இத்தனை வருஷமா என் சத்தத்துல வேற யாரு சிரிச்சும் எனக்குக் கேட்டதே இல்ல. கொஞ்சம் கேட்டுக்கறேன்."