வலைக் கூடைக்குள் சாத்தான்

மூன்றாவது தடவையாகச் சாத்தான் வலைக் கூடைக்குள் பிராந்தி பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருந்தான். இந்தத் தடவை கூடவே ஒரு பொட்டலம் மாங்காய் ஊறுகாய். சாத்தானுக்குத்தான் என்ன கரிசனம்!

முதல் இரண்டையும் மணலில் கவிழ்த்துவிட்ட சந்தியாகு கூடையை வெறித்துப் பார்த்தான். நாக்கில் எச்சில் ஊறியது. பாம்பன் பாலத்தில் பஸ் ஓடத் தொடங்கிய அடுத்த தவக்காலம் அது. விபூதிப் புதனன்று தங்கச்சிமடம் கோயிலில் பங்குச்சாமியார் அவன் மணிக்கட்டில் வெள்ளைக் கயிறு கட்டி, ஈஸ்டர் வரை குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கியிருந்தார். மொடாக்குடியன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானே என்று ஊரே மூக்கில் விரல் வைத்தது.

நாளை பெரிய வியாழன். சாமியார் பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேரில் சந்தியாகுவும் ஒருவன். பெண்டாட்டி கித்தேரி அவனுடைய வேட்டியை வெளுத்து மடித்து வைத்துவிட்டாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகத் தெருவில் சொல்லியிருந்தாள். கையில் மஞ்சள் பத்து இன்னும் காயவில்லை. அந்தக் கையோடுதான் துவைத்தாள்.

இன்று கயிறு அறுந்தால் நாளை பாதம் கழுவ அவனுக்குப் போடும் நாற்காலி வேறொருவனுக்கு. சந்தியாகு நேரே சாமியாரிடம் போனான்.

"சாமி, எவனோ எனக்குக் குழி வெட்டுறான். நான் குடிச்சுட்டா, பாவம் பாட்டில வச்சவனுக்குத்தானே?"

சாமியார் சிரித்தார். "சோதிக்கிறது பிசாசு வேல. எடுக்குறதும் விடுறதும் உன் இஷ்டம்ப்பா. அந்த இஷ்டத்தக் கடவுள் உனக்கே குடுத்துட்டாரு. பழிய வேற ஆள் தலையில எறக்கி வைக்க முடியாது."

அது சரி, வைத்தவன் யார்? கூடையைத் தொடுகிற ஆள் ஒருவன்தான். ஒரே வல்லத்தில் மீன்பிடிக்கப் போகிற, ஒரே பாட்டிலில் குடித்த, கித்தேரியின் அண்ணன் இன்னாசி. கூட உட்கார்ந்து தின்ற யூதாஸ்!

கரையில் வல்லத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"மச்சான், கூடவே இருந்து கால வாருறியே! இது நீ வாங்குன பாட்டில்தானே?"

இன்னாசி திகைத்துப் போனான். "வாங்குனது நாந்தான். வீக்கத்துக்குத் தேய்க்கணும்னு தங்கச்சி கேட்டா, மூணு தடவ வாங்கிக் குடுத்தேன். உன் கூடைக்குள்ள நான் எதுக்குய்யா வைக்கப் போறேன்?"

கித்தேரியா? தினமும் அவனுக்காக ஜெபமாலை சொல்கிறவளா? வெயில் கொளுத்தும் மணலில் சந்தியாகு வீட்டுக்கு ஓடினான்.

கித்தேரி ஒற்றைக் கையால் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டிலை அவள் முன்னால் நீட்டினான்.

"இத வச்சது நீயா?"

"ஆமா."

பொய்யாவது சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். வேலி பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"ஊரே என்னையக் கும்புடாத கொற. கட்டுனவ நீ குடிக்க வைக்கப் பாக்குற! ஏவாள் புத்தி விடுமா? நான் மனுசனாகுறது ஒனக்குப் பொறுக்கலயாடி?" அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளைக் கயிறு கட்டிய அவன் கை தானாக ஓங்கியது.

அவள் நகரவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"குடிச்ச அன்னைக்கு மட்டுந்தான் நீங்க என்னைய அடிக்காமத் தூங்குறீங்க."