வீடு வராத கடிதம்

எங்கள் பிரெஞ்சு கிராமத்துத் தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தா ஒதில் உட்கார்ந்துவிட்டால், வரிசையில் நிற்பவர்களுக்கு மானம் மிஞ்சாது. அன்று மாட்டியவள் தையல்காரி செலஸ்தின்.

"அடையாள அட்டையை எடு. மறுபடியும் போஸ்த் ரெஸ்தாந்தா, தபாலாபீஸ்லயே வந்து வாங்கிக்கறதா?" ஒதில் உறையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். "வீடு இருக்கு, வாசல்ல பெட்டி இருக்கு. கடுதாசியை மட்டும் ஏன்டி இங்கயே வச்சிருக்கச் சொல்றே? புருஷன் கண்ணுல படக்கூடாதோ?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அவர் செத்து ஆறு வருஷம் ஆச்சு, மதாம்."

"அப்போ யாருக்குப் பயந்து இந்தத் திருட்டுத்தனம்?"

"உங்க வீட்டுக்காரருக்குப் பயந்துதான்."

செலஸ்தின் அடையாள அட்டையை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"இந்த ஊருக்கே தபால் குடுக்கறவர் அவர்தானே? போன மாசம் என் மகன் ஜெயில்லேருந்து எழுதினது, என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி மதுக்கடையில எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு வாய்தான் நீளம், மதாம். அவர் மாதிரி ஒட்டின உறையைப் பிரிக்க மாட்டீங்க."

உறையை வாங்கிக்கொண்டு செலஸ்தின் போய்விட்டாள்.

"அடுத்த ஆள்!" என்று கத்தினாள் ஒதில்.

அடுத்து நின்றவர் எங்கள் பாதிரியார். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எனக்கு வர்றதையும் இனிமே இங்கயே வச்சிடும்மா."