அவள் மன்னிக்கவில்லை

நேப்பிள்ஸின் பழைய மாளிகைக் கூடத்தில் ஒத்திகை. சாய்ந்து விழும் வெயிலில் பியானோவின் மூதாதையான ஹார்ப்சிகார்டின் மூடி பளபளக்கிறது. கைவிடப்பட்ட ஒருத்தியின் முந்நூறு வருஷப் பழைய பாட்டு இது. முதலில் காதலனைச் சபிக்கிறாள், நடுவில் மனம் இளகுகிறாள், பிறகு தொடக்கத்துக்கே திரும்பி முன்னைவிட மூர்க்கமாகச் சபிக்கிறாள். அந்தத் திரும்பும் பகுதியைத்தான் எங்கள் இசை நடத்துனர் ஃபுல்வியோ சிவப்புப் பென்சிலால் அடித்திருக்கிறார். "பாடினதையே எதுக்கும்மா மறுபடி பாடணும்? நாளைக்குக் கச்சேரி முடிஞ்சதும் விருந்து இருக்கு. இளகுற இடத்துலயே முடிச்சிடு, அழகா இருக்கும்." பாடகி ஓர்டென்சியாவின் கழுத்து நரம்பு புடைக்கிறது. "அங்க முடிச்சா அவ அவனை மன்னிச்சிட்டதா ஆயிடும் மேஸ்ட்ரோ. உங்க சாப்பாடு ஆறிப்போகுதுன்னு அவ எதுக்கு மன்னிக்கணும்?" "அட, வெறும் பாட்டும்மா!" செல்லோவை முழங்கால்களுக்கிடையில் இறுக்குகிறேன், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் கையசைக்க, வாசிக்கிறோம். இளகும் பகுதி முடிகிறது. நிறுத்தச் சொல்லி ஃபுல்வியோவின் கை உயர்கிறது. எங்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. வாசிக்கும் ஐந்து பேரின் இசைத்தாள்களும் சரசரவென்று முதல் பக்கத்துக்குத் திரும்புகின்றன. ஓர்டென்சியா மூச்சை இழுத்து, அவர் முகத்தைப் பார்த்தே சபிக்கத் தொடங்குகிறாள்.