கயிறு சுருட்டிய நேரம்

17-02-2024, சனிக்கிழமை. இடம்: எங்கள் தீவின் வண்டூர்க் கரை. வானம் தெளிவாக இருந்தது. வடகிழக்குக் காற்று மெல்ல வீசியது. அலையின் உயரம் ஏறத்தாழ ஒரு சாண்.

முக்குளிப்பாளர் சோபியா காலை 8 மணி 10 நிமிடத்திற்கு நீரில் இறங்கினார். அவரது இடுப்பில் பிணைக்கப்பட்ட கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது.

சோபியா என் மகன் ஜெரால்டின் மனைவி ஆவார். பணிநேரத்தில் நான் அவரை 'அவர்' என்றே எழுதுவது வழக்கம். என் பெயர் அமுதம். நான் மேற்பரப்புப் பதிவாளர்.

கடலுக்கடியில் ஒருவர் பணிபுரியும்போது, படகில் இருக்கும் மற்றொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டை எழுதுதல் வேண்டும். இது ஆய்வுக்கூடத்தின் விதியாகும். முதலில் வந்த பதிவாளர் இரண்டாம் நாளே நின்றுவிட்டார். ஒரு பெண்ணுக்குக் கயிறு பிடிப்பதா என்று அவர் வீட்டில் கேட்டார்களாம். அதன் பிறகு நான் வந்தேன்.

பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் பணியில் எங்கள் கரையிலிருந்து இதுவரை பெண் எவரும் சேர்ந்ததில்லை. மூன்று முழுமையான முக்குளிப்புகள் பதிவாகியிருந்தால் அப்பணி சோபியாவுக்குக் கிடைக்கும். இரண்டு முடிந்துவிட்டன. இது மூன்றாவது. பதிவேட்டை ஒப்படைக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை. வேலை முடியும் முன்னர் அவரை மேலே அழைத்தால் இம்முக்குளிப்பு கணக்கில் சேராது.

"மருமவ தண்ணிக்குள்ள, மாமியா கையில கயிறு! ஊருல போய்ச் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான், பெரீம்மா" என்றான் ஜஸ்டின். நாங்கள் அமர்ந்திருந்த டுங்கி அவனுடைய படகு. முதலை வருகிறதா என்று கவனிப்பதும் அவன் பொறுப்பே.

"நீ முதலயப் பாரு" என்றேன்.

மேலிருந்து ஒரு முறை இழுத்தால் 'நலமா?' என்று பொருள். கீழிருந்து ஒரு முறை இழுத்தால் 'நலம்' என்று பொருள். மேலிருந்து நான்கு முறை இழுத்தால் 'உடனே வருக' என்று பொருள்.

ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை நான் கேட்டேன். ஒவ்வொரு முறையும் கயிறு விடையளித்தது. ஒவ்வொரு விடையையும் நேரத்துடன் எழுதினேன். என் கையெழுத்து இப்பொழுது கோட்டின் மேலேயே அமர்கிறது.

எனக்கு எழுத்துகளைக் கற்பித்தவர் சோபியா. அப்பொழுது என் வயது ஐம்பத்து நான்கு.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், முக்குளிப்புப் பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதாகக் கடலுக்கு அப்பாலுள்ள மெயின்லேண்டிலிருந்து கடிதம் வந்தது. அவர் வீட்டில் இல்லை. நான் அதைக்கொண்டு அடுப்புப் பற்றவைத்துவிட்டேன். மாலையில் சாம்பலை அள்ளும்போது உறையின் ஒரு மூலை அவர் கையில் அகப்பட்டது. விசாரித்து அறிவதற்குள் சேரவேண்டிய நாள் கடந்துவிட்டது.

வாசிக்கத் தெரியாதவள் என்ன செய்வாள் என்று அனைவரும் என்னை மன்னித்தனர். மறுவாரம் சோபியா ஒரு சிலேட்டையும் மூன்றாம் வகுப்பு அறிவியல் பாடநூலையும் கொண்டுவந்து என் முன் வைத்தார். பயிற்சியில் அவர் சேர்ந்தது அதற்கடுத்த ஆண்டில்தான்.

8 மணி 40 நிமிடத்திற்கு ஒரு முறை இழுத்தேன்.

விடை வரவில்லை.

"பெரீம்மா, ஜல்தி நாலு இழுங்க! புள்ளைக்கு என்னவோ ஆயிட்டு!" ஜஸ்டின் எழுந்து நின்றதில் டுங்கி ஒருபுறம் சாய்ந்தது.

"சுப்சாப் உக்காருடா!"

பதிவேட்டின் உள்ளட்டையில் விதிகள் அச்சிடப்பட்டிருந்தன. விரலை எழுத்துகளின் கீழ் வைத்து வாசித்தேன். மறுமொழி இல்லையெனில் அரை நிமிடம் காத்திருந்து மீண்டும் வினவுக. அப்பொழுதும் இல்லையெனில் மேலே அழைக்க.

என் கண்கள் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்தன. வாய் அருள்நிறை செபத்தைச் சொன்னது. அரை நிமிடத்தில் இரண்டு செபங்கள் அடங்கும் என்பதை அன்று அறிந்தேன்.

மீண்டும் இழுத்தேன்.

கயிறு ஒரு முறை இழுபட்டது.

ஜஸ்டின் சிலுவை வரைந்துகொண்டான். 'மறுமொழி அரை நிமிடம் தாமதம்' என்று நான் எழுதினேன். 'தாமதம்' என்ற சொல் மட்டும் கோட்டிலிருந்து இறங்கிவிட்டது.

8 மணி 53 நிமிடத்திற்குச் சோபியா மேலே வந்தார். படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, வாய்க்குழாயை அகற்றிச் சிரித்தார்.

"ரெண்டு கையும் அளக்குற டேப்புல இருந்துச்சு மாமி. பல்லாலயா கயித்த இழுப்பேன்?"

நீருக்கடியில் அவர் எழுதிக் கொண்டுவந்த வெள்ளைப் பலகையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. முக்குளிப்பு முழுமையடைந்தது. அவர் படகில் ஏறி அமர்ந்தார்.

"கயித்த விடுங்க மாமி. நாந்தான் வந்துட்டேனே."

நான் விடவில்லை. ஜஸ்டின் எந்திரத்தின் பக்கம் திரும்பிக் குனிந்திருந்தான்.

"சோபியா, அந்தக் கடிதாசி. உறையில சிங்க முத்திரையப் பாத்தேன். ஒன்னயக் கூப்புடுற காயிதம்னு தெரிஞ்சுதான் அடுப்புல போட்டேன்."

சோபியா தன் கூந்தலிலிருந்து நீரைப் பிழிந்தார்.

"தெரியும் மாமி. காலைல நான் பத்தவைக்க அடுக்கி வச்ச காஞ்ச ஓலை அடுப்புக்கிட்ட அப்படியே கெடந்துச்சே. அதான் ஒங்களுக்கு வாசிக்கச் சொல்லிக் குடுத்தேன். அடுத்த கடிதாசிக்கு அந்தச் சாக்கு சொல்ல முடியாதுல்லா?"

அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து பிரித்தார். பின்னர் இருவரும் சேர்ந்து அதைச் சுருட்டினோம்.

பதிவேட்டின் கடைசி வரிசையில் மூன்று கட்டங்கள் உள்ளன. இறங்கிய நேரம், 8 மணி 10 நிமிடம். மேலே வந்த நேரம், 8 மணி 53 நிமிடம். கயிறு சுருட்டிய நேரம், காலை 8 மணி 59 நிமிடம்.